வேட்டைத் துப்பாக்கியா, போர்த் துப்பாக்கியா?

அமெரிக்க நாட்டிலே பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால், பல முறை ஏஆர்-15 என்ற பெயரும் கூடவே வருகிறது. உடனே அங்கே வழக்கு தொடங்கிவிடும். "இது போர்க் கருவி, கடையிலே விற்பது அக்கிரமம்" என்பார் ஒரு சாரார். "போர்க் கருவி எம்16, இது அதன் சாயலிலே செய்த விளையாட்டுத் துப்பாக்கி" என்பார் மறு சாரார். இரண்டையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்போமே!

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1950களின் இறுதியிலே ஆர்மலைட் என்ற கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கியது அந்தத் துப்பாக்கி. ஏஆர் என்ற எழுத்துகள் அந்தக் கம்பெனியின் பெயரைக் குறிப்பவை. தாக்குதல் துப்பாக்கி என்பதன் சுருக்கமல்ல. எதிர்ப்பாளர்களிலேயே பலர் இதைத் தவறாகச் சொல்கிறார்கள், நாமாவது சரியாகச் சொல்வோம். 1959இல் கோல்ட் கம்பெனி உரிமையை வாங்கிற்று. பட்டாளத்திலே அதற்கு எம்16 என்று பெயர். வியட்நாமிலே அமெரிக்கச் சிப்பாய் தூக்கித் திரிந்தது அதைத்தான். 1964இல் அதே கம்பெனி பொதுமக்களுக்கென்று ஒன்றைக் கடையிலே வைத்தது. 1970களிலே காப்புரிமை முடிந்ததும் மற்றக் கம்பெனிகளும் செய்யத் தொடங்கின.

பட்டறையிலே வேலை செய்யும் தோழர் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்தால் எப்படிப் பிரித்தறிவார்? குழாயின் வாய் ஏறக்குறைய 5.56 மில்லிமீட்டர், இரண்டிலும் அதுதான். 30 தோட்டா கொள்ளும் மேகசின் இரண்டுக்கும் பொருந்தும். குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலே பாய்வதும் இரண்டிலும்தான். கைப்பிடிக்கு மேலே, இடப்பக்கம், கட்டைவிரலால் திருப்பும் சிறு பிடி ஒன்று இருக்கிறது. கடைத் துப்பாக்கியிலே அதற்கு இரண்டு நிலை: பூட்டு, சூடு. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு. பட்டாளத் துப்பாக்கியிலே மூன்றாவது நிலையும் உண்டு. அதிலே வைத்து விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 700 குண்டுக்குக் குறையாத வேகத்திலே சரமாரியாகப் பாயும். வேறுபாடு உண்மையானதுதான், மறுக்கவில்லை. அப்படிச் சரமாரியாகச் சுடும் துப்பாக்கிகளைப் புதிதாகப் பொதுமக்களுக்கு விற்க 1986லேயே சட்டம் தடை போட்டுவிட்டது.

ஆனால் அந்த மூன்றாவது நிலையைப் பட்டாளமே எவ்வளவு மதித்தது? வியட்நாமிலே சிப்பாய்கள் குண்டுகளை வீணே வாரி இறைத்தார்கள் என்று கண்டு, 1980களில் வந்த எம்16ஏ2 துப்பாக்கியிலே ஒரு இழுப்புக்கு மூன்று குண்டு என்று கட்டுப்படுத்தினார்கள். பின்னாளில் எம்4ஏ1 துப்பாக்கியிலே சரமாரி திரும்பி வந்தது. வந்தும் என்ன, குறிபார்த்து ஒவ்வொன்றாகச் சுடுவதுதான் சிப்பாய்க்கு முதல் பாடம். அதாவது, கடையிலே விற்பதும் அதே பாடத்தை நடத்தக்கூடிய கருவி!

2012 டிசம்பர் 14, கனெக்டிகட் மாநிலம், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி. மூன்றாவது நிலை இல்லாத கடைத் துப்பாக்கிதான். ஐந்து நிமிடத்துக்குள் 154 குண்டுகள். 20 குழந்தைகளும் பெரியவர் அறுவரும் மாண்டார்கள். 2022 மே மாதம் டெக்சாசிலே யுவால்டி பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். கொலைகாரன் ஒருவன், வந்து குவிந்த போலீசார் 300க்கும் மேல். 77 நிமிடம் கழித்தே அவனை வீழ்த்தினார்கள். அந்தத் துப்பாக்கிக்கு அஞ்சித் தயங்கினோம் என்று அவர்களிலே சிலரே விசாரணையில் சொன்னார்கள். விளையாட்டுத் துப்பாக்கியைக் கண்டா அந்தப் பயம்?

சரி, அந்த ஒரு நிலையாவது ஒழுங்காகக் காக்கப்பட்டதா? 2017 அக்டோபர் 1ஆம் தேதி லாஸ் வேகாசிலே ஓட்டல் சன்னலிலிருந்து ஒருவன் பத்து நிமிட அளவிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தான். 60 உயிர்கள் போயின. 'பம்ப் ஸ்டாக்' என்ற துணைக்கருவியைப் பொருத்திக் கடைத் துப்பாக்கியையே பட்டாள வேகத்துக்குக் கொண்டுவந்திருந்தான். 2018இல் டிரம்ப் அரசே அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், 6க்கு 3 என்ற கணக்கில், தடை செல்லாது என்றது. காரணம் கேளுங்கள்: ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியே அசைகிறதாம்! செத்தவர்கள் அதை எண்ணிப் பார்த்திருப்பார்களா என்ன?

முதலாளிகளுடைய நாக்கோ இரண்டு. சட்டமன்றத்திலே, "நவீன விளையாட்டுத் துப்பாக்கி" என்பார்கள். விளம்பரத்திலே பட்டாளத்தின் பெருமையைச் சொல்லிக் கூவுவார்கள். சாண்டி ஹூக்கிலே சுட்ட புஷ்மாஸ்டர் துப்பாக்கிக்கு, இதை வாங்கினால் உன் ஆண்மைச் சான்று புதுப்பிக்கப்படும் என்றே ஒரு விளம்பரம் வந்தது. 2005இல் வந்த ஒரு சட்டம் துப்பாக்கி செய்பவர்கள்மீது வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. பிள்ளைகளை இழந்தவர்கள் அந்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு நடக்கலாம் என்று 2019இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2022 பிப்ரவரியில் ஒன்பது குடும்பங்களுக்கு 7 கோடியே 30 லட்சம் டாலர் தர ஒப்பந்தமாயிற்று. பொறுப்பேற்றவை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். புஷ்மாஸ்டரை வைத்திருந்த ரெமிங்டன் கம்பெனி அதற்குள் திவாலாகியிருந்தது.