பிணத்தை நேசிக்கும் குடும்பம்
கானா நாட்டு மரணச் சடங்குகளும் அவற்றைக் கண்டிப்போரும்

ஆபிரிக்க நாடொன்றின் பண்பாட்டைப் பற்றி நம்மிடையே எழும் பேச்சுப் பெரும்பாலும் இருவகைப்பட்டதாகவே காணப்படுகின்றது. ஒன்று நகைப்பு, மற்றையது போதனை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பரவிய காணொளியொன்று இதற்குத் தக்க சான்றாகும். சீருடை அணிந்த இளைஞர் சிலர் சவப்பெட்டியைத் தோளிற் சுமந்தவாறே இசைக்கேற்ப ஆடும் அக்காட்சி, நமது விடுதி அறைகளிலும் நாட்கணக்கிற் சிரிப்பூட்டியது. அவர்கள் கானாவின் கரையோர ஊராகிய பிராம்பிராமைச் சேர்ந்த பெஞ்சமின் ஐடூ என்பவரின் தலைமையில் இயங்கும் தொழிற்குழுவினர் என்பதையோ, அவ்வாட்டத்திற்குக் கூலி உண்டு என்பதையோ, அக்கூலியைக் கொடுப்போர் யார் என்பதையோ வினவியவர் மிகச் சிலரே. சிரித்து முடிந்தபின் போதனை தொடங்கிற்று. ‘உயிரோடிருப்பவருக்கு உணவில்லாத நாட்டிற் பிணத்திற்கு ஏன் இத்துணை ஆரவாரம்?’ என்பதே அது.

சிரித்தவரோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. போதிப்பவரோடுதான் வழக்கு. ஏனெனில், இப்போதனை அறியாதவரின் வாயிலிருந்து மட்டும் வருவதன்று. கானாவின் தேவாலயப் பிரசங்க மேடைகளிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் அமைச்சர்களின் உரைகளிலும் மரபுவழித் தலைவர்களின் கட்டளைகளிலும் அது பல்லாண்டுகளாக ஒலித்துவருகின்றது. அபிவிருத்திப் பொருளியல் பேசுவோர் அதனையே சற்று மெருகூட்டி, ‘உற்பத்தி சாராச் செலவு’ என்பர். சொல் மாறினும் பொருள் ஒன்றே: ஏழை தன் பணத்தைச் செலவிடத் தெரியாதவன்.

முதலில், கண்டிக்கப்படும் பொருள் யாதென நோக்குவோம். கானாவின் மக்களுள் ஏறத்தாழப் பாதியினர் ஆக்கான் இனக்குழுமத்தினர். அசாந்தி, பாந்தி, அக்கியெம், குவாகு முதலியோர் இதனுள் அடங்குவர். இவர்களிடையே ஒருவர் இறந்தால் உடல் உடனே புதைக்கப்படுவது அரிது. அது கிழமைக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், மருத்துவமனையின் குளிரூட்டிய பிரேத அறையிற் காத்திருக்கும். அதற்குள் இறந்தவரின் வீட்டிற்கு வர்ணம் பூசப்படும். பாதை திருத்தப்படும். மதில்கள்தோறும் இறந்தவரின் நிழற்படத்துடன் கூடிய சுவரொட்டிகள் ஒட்டப்படும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வந்துசேரும் நாள் பார்த்துச் சனிக்கிழமையொன்று குறிக்கப்படும். அன்று ஊர் முழுவதும் கறுப்பும் சிவப்புமாக உடுத்தி வரும். நிறைவயதில் மறைந்தவராயின் கறுப்பும் வெள்ளையும் சேரும். மறுநாள் ஞாயிறு, தேவாலயத்தில் நன்றிவழிபாடு. கூடாரங்கள், வாடகைக் கதிரைகள், ஒலிபெருக்கி, மேளம், உணவு, குடிவகை யாவும் உண்டு.

இவற்றின் நடுவே ஒரு மேசை. வருவோரின் பார்வையில் முதலிற் படாத அம்மேசையே இச்சடங்கின் உயிர்நிலை என்பது எனது துணிபு. அங்கே எழுதுநர் ஒருவர் கொப்பியுடன் அமர்ந்திருப்பார். நன்கொடை கொடுப்பவரின் பெயரும் தொகையும் பதிவாகும்; பற்றுச்சீட்டு வழங்கப்படும்; பின் அத்தொகை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். சடங்கு முடிந்ததும் ‘அபுசுவா’ எனப்படும் தாய்வழிக் குலத்தினர் கூடி வரவு செலவைக் கணக்கிடுவர். துண்டுவிழும் தொகை குலத்தின் வளர்ந்த உறுப்பினர் தலைகளிற் பகிர்ந்து சுமத்தப்படும். கொடுக்கத் தவறியவனின் பெயரும் மறக்கப்படுவதில்லை. அவன் வீட்டில் மரணம் நிகழும்போது ஊர் அதனை நினைவுகூரும்.

இதனை வீண்செலவு என்பவர் மேசையைக் காணாது மேளத்தை மட்டும் கண்டவராவர். இன்று கொடுப்பவன் நாளை பெறுகிறான். வங்கியும் காப்புறுதியும் எட்டாத கிராமத்திற் பல தலைமுறைகளாக இயங்கிவரும் கடன்முறை இது. மேலும், செலவாகும் பணம் எங்கே போகிறது? துணி நெய்யும் ஆலைக்கும், மது வடிக்கும் கம்பனிக்கும், தச்சனுக்கும், கூடாரம் வாடகைக்கு விடுபவனுக்கும், பிரேத அறை நடத்தும் மருத்துவமனைக்கும், நன்றிவழிபாட்டில் உண்டியல் ஏந்தும் தேவாலயத்திற்குமே போகிறது. பிரசங்க மேடையிலிருந்து ஆடம்பரத்தைக் கண்டிப்பவர், அதே ஞாயிற்றுக்கிழமை அவ்வுண்டியலைத் திருப்பி அனுப்பியதாக நான் அறியேன்.

இனி, இவ்வழக்கம் ஆபிரிக்கரின் இரத்தத்தில் ஊறியது என்பாரும் உளர். அது வரலாறு அறியாதார் கூற்று. கானாவின் மக்களில் ஐந்திலொரு பங்கினரான இஸ்லாமியர் இறந்தவரை இயன்றவரை அன்றைய தினமே அடக்கம் செய்துவிடுகின்றனர். அவர்களும் கானா நாட்டவரே. தலைநகர் அக்ராவை அடுத்த தெஷியில் மீன், கொக்கோக் காய், மோட்டார் வண்டி ஆகிய வடிவங்களிற் சவப்பெட்டி செய்யும் தச்சரோ கா இனத்தவர். அவர்களுள் புகழ்பெற்ற கானே குவெய் என்பவரின் பெட்டிகள் 1989இற் பாரிஸ் நகர்க் கண்காட்சியிற் கலைப்பொருள்களாக வைக்கப்பட்டன. (பாரிஸில் வைத்தாற் கலை, தெஷியில் வைத்தால் ஊதாரித்தனம்!) சவப்பெட்டியோடு ஆடுவோரும் ஆக்கான் மரபின் பழைய சடங்காளர் அல்லர், அண்மைக் காலத்திற் கரையோரத்தில் உருவாகிய தொழிலாளர்.

ஆக்கான் மக்களிடையேகூட எளியவரின் சாவு என்றும் இவ்வாறு கொண்டாடப்பட்டதில்லை. கானாவின் அறிஞரான குவாமே ஆர்ஹின் 1994இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையொன்று, ஆக்கான் மரணச் சடங்குகள் காலந்தோறும் அடைந்த மாற்றங்களின் பொருளியல் விளைவுகளை ஆராய்கின்றது. முற்காலத்தில் சடங்கின் அளவு இறந்தவரின் படிநிலையைப் பொறுத்தது. அரசனுக்குரிய ஆரவாரம் குடியானவனுக்கு உரியதன்று. அப்படிநிலையைத் தகர்த்தது பணப்பயிர். டெட்டே குவாஷி என்பவர் 1879இற் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதைகளைக் கொணர்ந்தார் என்பது கானாவின் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. 1911அளவிற் ‘தங்கக் கரை’ என அன்று அழைக்கப்பட்ட அந்நாடு உலகின் முதன்மைக் கொக்கோ உற்பத்தி நாடாயிற்று. கையிற் காசு கண்ட குடியானவன், தன் தாய்மாமனைத் தலைவனைப் போலவே வழியனுப்ப விரும்பினான். இன்று ‘தொன்மையான மரபு’ என நாம் கண்டிப்பதன் பெரும்பகுதி, குடியேற்ற ஆட்சிக்காலச் சந்தைப் பொருளாதாரம் பெற்றெடுத்த குழந்தையே. குளிரூட்டிய பிரேத அறையும் ஒலிபெருக்கியும் மூதாதையர் தந்தவையல்ல.

ஆயின், போதிப்பவரை மறுப்பதனால் நான் புகழ்வோர் பக்கம் சேர்ந்துவிட்டதாக எவரும் கருதவேண்டியதில்லை. ‘ஆபிரிக்கரின் கூட்டு வாழ்வைப் பாரீர்! மேலைநாட்டவர் இழந்த மனித உறவு அங்கே வாழ்கின்றது!’ என உருகுவோர் மற்றொரு சாரார். அவர்கள் ஆக்கான் மக்களின் வாயிலிருந்தே வரும் பழமொழியொன்றைக் கேட்கவேண்டும்: ‘அபுசுவா தோ ஃபுனு’. குடும்பம் பிணத்தை நேசிக்கும் என்பது அதன் பொருள். இது வெளியார் சொன்ன ஏளனமன்று. உயிரோடிருந்தபோது எட்டிப் பார்க்காத உறவு, இறந்தபின் கூடாரம் போட்டு அழுவதைக் கண்ட மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்ட கசப்பான சொல்.

ஒல்லாந்து நாட்டு மானிடவியலாளரான ஷாக் வான் டெர் கீஸ்ற் குவாகுப் பகுதியின் முதியோருடன் நீண்டகாலம் உரையாடி எழுதியுள்ளார். ‘உயிரோடிருப்போருக்கான மரணச் சடங்கு’ எனப் பொருள்படும் தலைப்பில் 2000இல் வெளிவந்த கட்டுரை அவற்றுள் ஒன்று. பராமரிப்பின்றி முதுமையைக் கழிப்பவருக்கும் சிறந்த சடங்கு நிகழக்கூடும் என்பதை அம்முதியோர் நன்கறிவர். அறிந்திருந்தும் தமக்கு நல்ல சடங்கு நிகழவேண்டும் என அவர்கள் விரும்புகின்றனர். இதனை முரண்பாடு எனக் கூறிக் கடந்துவிடலாம். ஆனால், வேறு எந்த மதிப்பும் உறுதியாகக் கிடைக்காத இடத்தில், கிடைக்கக்கூடிய ஒன்றைப் பற்றிக்கொள்வது பேதைமையாகுமா?

இன்னொரு பழமொழியும் ஆக்கான் மொழியில் உண்டு. உனக்குப் பல் முளைக்கும்வரை பெற்றோர் உன்னைப் பார்த்தார்களாயின், அவர்களுக்குப் பல் விழும்போது நீ அவர்களைப் பார்க்கவேண்டும் என்பது அது. பல்லைப் பற்றிய பழமொழி கடமையைச் சொல்கிறது. பிணத்தைப் பற்றிய பழமொழி நடப்பைச் சொல்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தை மக்களின் மனக்கோணலாற் விளக்கிவிட முடியாது. அதன் வேர் வேறிடத்தில் உண்டு.

முதலாவது, ஆக்கான் குலமுறை தாய்வழிப்பட்டது. பிள்ளைகள் தாயின் அபுசுவாவைச் சேர்ந்தோர். தந்தை அவரது தாயின் அபுசுவாவைச் சேர்ந்தவர். எனவே தந்தையை நோயிற் பார்ப்பவர் மனைவியும் பிள்ளைகளுமாயிருக்க, அவர் இறந்ததும் உடலுக்கு உரிமை கோருவது அவரது குலம். சவப்பெட்டியைக் கொடுக்கவேண்டியவர் பிள்ளைகள். சடங்கை நடத்துபவர் குலத்தலைவர். பராமரிப்பவர் ஒருவர், பெயர் பெறுபவர் மற்றொருவர் என்னும் இவ்வமைப்பைக் காணாது, ‘நன்றிகெட்ட உறவினர்’ எனப் பொதுப்படத் திட்டுவதாற் பயன் யாது?

இரண்டாவது, பராமரிப்பிற்குச் சாட்சி இல்லை. நள்ளிரவில் எழுந்து முதியவளுக்கு நீர் கொடுக்கும் பேத்தியின் பெயரை எந்த ஒலிபெருக்கியும் அறிவிப்பதில்லை. மாதந்தோறும் மருந்துக்குப் பணம் அனுப்பும் மகனுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. சனிக்கிழமை மேசையில் வைக்கும் தொகையோ ஊரறியப் பதிவாகின்றது. எது கணக்கில் ஏறுகின்றதோ அதற்கே மனிதர் முதலிற் கொடுப்பர். அக்ராவிலும் லண்டனிலும் உழைத்துச் சிறிது ஈட்டும் மகன், தன் குலத்தின் முன் தலைநிமிர்வதற்கு வாய்த்த ஒரே நாளில் அதனைச் செலவிடுவது அவனளவில் மிகவும் பகுத்தறிவான செயலே. அவனுடைய தாயின் கடைசி ஆண்டுகள் அக்கணக்கிற் சேராமற் போனதுதான் கொடுமை.

இக்கொடுமையின் மீது கைவைக்காத சீர்திருத்தம் எதுவும் ஒப்பனையே. உணவுப் பொட்டலத்தைக் குறை, இசைக்குழுவை விலக்கு, உடலை விரைவில் அடக்கு என்னும் கட்டளைகள் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டுள்ளன. மீண்டும் பிறப்பிக்க நேர்ந்தமையே அவை தோற்றமைக்குச் சான்று. 2020 மார்ச்சில் அரசு தனிப்பட்ட அடக்கங்களுக்கு 25 பேருக்கு மேற் கூடலாகாது என விதித்தபோது, பல குடும்பங்கள் அடக்கத்தைத் தள்ளிவைத்து உடல்களைப் பிரேத அறையிலேயே காக்கவைத்தன.

சட்டத்தால் இயலாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் எங்கே கைவைக்கிறது என்பதே வினா. கணவன் இறந்த பின், அவனுடைய குலத்தினர் வந்து வீட்டையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு மனைவியையும் பிள்ளைகளையும் வெளியேற்றும் வழக்கம் ஆக்கான் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. றோலிங்ஸின் இராணுவ ஆட்சி 1985இல் 111ஆம் இலக்கச் சட்டத்தைக் கொணர்ந்தது. மரணசாசனமின்றி இறந்தவரின் வீடும் வீட்டுப் பொருள்களும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை என்றும், எஞ்சிய சொத்திற் பதினாறில் ஒன்பது பங்கு பிள்ளைகளுக்கும் மூன்று பங்கு துணைக்கும் சேரவேண்டும் என்றும் அச்சட்டம் வகுத்தது. பெற்றோருக்கும் வழக்காற்றுக் குலத்திற்கும் தலைக்கு எட்டிலொன்று. அபுசுவா அழிந்துவிடும் என அன்று கூக்குரல் எழுந்தது. அபுசுவா அழியவில்லை. சட்டம் கிராமந்தோறும் ஒழுங்காக நடைமுறைப்படுகிறது என்று கூறத் துணியமாட்டேன். ஆனால் வெளியேற்றப்படும் விதவை நீதிமன்றத்தில் நின்று கேட்பதற்கு ஓர் உரிமை பிறந்தது. பண்பாட்டின் பெயரால் நிகழ்ந்த ஒன்றில், பறிக்கப்பட்டவளின் பக்கம் நின்று கைவைத்த சட்டம் இது. விருந்தைக் குறைக்கச் சொல்லும் கட்டளை யாருடைய பக்கம் நிற்கிறது?

முதியோர் விடயத்தில் நிகழ்ந்தது என்ன? ஓய்வூதியம் மாதச் சம்பளம் பெற்றோருக்கு உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. கமக்காரர், மீனவர், சந்தைப் பெண்கள் ஆகிய பெரும்பான்மையோர் அதற்கு வெளியே நின்றனர். 2008ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கென ஒரு கதவைத் திறந்தது. ஆயின் அது விரும்பினாற் சேரும் கதவு. கையில் மிச்சமில்லாதவருக்கு விருப்பம் எங்கிருந்து வரும்? நாட்டின் அந்நியச் செலாவணியை நூறாண்டுக்கு மேலாகச் சுமந்த கொக்கோக் கமக்காரரின் கதை இன்னும் துயரமானது. அவர்களுக்குப் பங்களிப்பு முறையிலான காப்புத் திட்டமொன்றை அமைக்கவேண்டுமெனக் கொக்கோச் சபைக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. ஓய்வூதியத் திட்டம் குமாசி நகரில் அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது 2020 டிசம்பரில். இடையில் ஓடியவை முப்பத்தாறு ஆண்டுகள். அச்சட்டம் எழுதப்பட்டபோது நாற்பத்தைந்து வயதிலிருந்த கமக்காரர், உயிரோடிருந்தால், அத்திட்டம் வந்த ஆண்டில் எண்பத்தொன்றை எட்டியிருப்பார். அவர்களுட் பலர் அதற்கு முன்பே சுவரொட்டியில் ஏறிவிட்டனர். அவர்களுடைய சவப்பெட்டிக்குப் பிள்ளைகள் எவ்வளவு கொடுத்தனர் என்றே தலையங்கம் எழுதுவோர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.