உலர்ந்த ஐஸும் மூடிய காரும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் தாம்பரத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வெளியூர் கிளம்புவதற்கு அவர்கள் சென்னை நகரத்தின் நெரிசலைத் தாண்ட வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலை வாசலில் ஓடுகிறது. வண்டலூரில் திரும்பி வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் காஞ்சிபுரம், வேலூர் வழியாக ஏலகிரி. நேராகத் தெற்கே போனால் கொல்லிமலை வரையில் போகலாம். குரோம்பேட்டை, செலையூர், மேடவாக்கம் பக்கங்களிலிருந்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துக்கொண்டு, கூடாரமும் பாயும் அடுப்புமாகப் புறப்படுவதை இப்போது சாதாரணமாகக் காண்கிறோம். ஒரு காலத்தில் சாரணர் சிறுவர்களும் என்.சி.சி. மாணவர்களும் செய்த காரியம் இது. இன்று பாட்டிமார்களும் கூடாரத்தில் படுக்கிறார்கள். நல்லதுதான்.

இப்படிப் போகிறவர்களுடைய சாமான்களில் முக்கியமான இடத்தைப் பிடித்திருப்பது குளிர்ப்பெட்டி. பால், தயிர், மசாலா தடவிய மீன், குழந்தைகளுக்குச் சர்பத், பெரியவர்களுக்கு மருந்து எல்லாம் அதில் போகின்றன. சாதாரண ஐஸ் உருகித் தண்ணீராகிச் சாமான்களை நனைத்துவிடுகிறது என்பதற்காகச் சிலர் ‘டிரை ஐஸ்’ என்னும் உலர்ந்த ஐஸை வாங்கி அடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று வாசகர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

உலர்ந்த ஐஸ் என்பது தண்ணீர் உறைந்த ஐஸ் அல்ல. நாம் மூச்சில் வெளிவிடுகிற கரியமிலவாயுவையே அழுத்திக் குளிரச் செய்து கட்டியாக்கினால் கிடைப்பது அது. 1835-ல் திலோரியே என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதலில் கண்டார். 1920-களில் அமெரிக்காவில் விற்பனைச் சரக்காகிவிட்டது. உரத் தொழிற்சாலைகளில் அம்மோனியா தயாரிக்கும்போது உபரியாக வெளிவரும் வாயுவிலிருந்தும் இதைச் செய்கிறார்கள். சினிமாவில் தேவலோகக் காட்சிக்கு மேகம் எழுப்புவதும், இப்போது கல்யாண வரவேற்பு மேடையில் மணமக்களின் காலடியில் வெண்புகை தவழ விடுவதும் இந்தச் சரக்கைக் கொண்டுதான். அதன் குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரிக்கும் மேல். உருகித் தண்ணீராவது என்பதே அதற்குக் கிடையாது. கட்டியாக இருப்பது நேரே வாயுவாகிப் போய்விடும். எடைக்கு எடை பார்த்தால் சாதாரண ஐஸைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குளிர்ச்சி தரும். கேட்கும்போது அதிசயமான சரக்காகத்தான் இருக்கிறது.

ஆனால், அந்த வாயு எங்கே போகிறது என்று எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

ஒரு கிலோ உலர்ந்த ஐஸ் முழுவதும் ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும். 5 கிலோ வாங்கிப் பெட்டியில் போட்டுக் காருக்குள் வைத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு நாளில் கரைந்து தீரும் என்று கணக்கிட்டாலும் மணிக்கு 200 கிராம் ஆகிறது. அதாவது மணிக்கு 100 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு நடுத்தரக் காரின் உட்புறம் சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். வெளிக்காற்று புகாமல் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுழல விடும் பொத்தானை அழுத்தி ஏ.சி. ஓட்டினால், ஒரு மணி நேரத்துக்குள் காரிலுள்ள காற்றில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு கரியமிலவாயுவாகிவிடக்கூடும். நூற்றுக்கு நாலு என்ற அளவையே உயிருக்கு உடனடி அபாயம் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். பத்தைத் தொட்டால் நினைவு தப்பும். கார் ஒன்றும் ஈயம் பூசி அடைத்த டப்பா அல்ல, இடுக்குகள் உண்டு என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால், மே மாத வெயிலில் தெர்மாகோல் பெட்டியிலுள்ள ஐஸ் 24 மணி நேரம் பொறுத்திருக்காது என்பதும் உண்மை. தாம்பரத்திலிருந்து ஏலகிரிக்கு ஐந்து மணி நேரப் பயணம். பெரும்பாலோர் விடிவதற்கு முன்பே கிளம்புகிறார்கள். குழந்தைகள் பின்ஸீட்டில், பெட்டிக்குப் பக்கத்திலேயே தூங்குகின்றன. விழித்திருப்பவனுக்கு மூச்சு வாங்கும், தலை வலிக்கும். ஏதோ சரியில்லை என்று கண்ணாடியை இறக்குவான். தூங்குகிற குழந்தை என்ன செய்யும்? வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐஸ்கிரீம் விநியோகிக்கும் ஒருவர், உலர்ந்த ஐஸ் வைத்த பெட்டிகளைக் காரிலேயே விட்டிருந்தார். அந்தக் காரில் ஏறிப் போன அவருடைய தாயார் இறந்தார்; மனைவி நினைவிழந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்த நாள் விருந்தில் வேடிக்கைக்காக நீச்சல் குளத்தில் 25 கிலோ உலர்ந்த ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் மாண்டனர். ஆகாய விமானத்தில் பயணி ஒருவர் 2½ கிலோவுக்கு மேல் இதைக் கொண்டுபோக முடியாது. அதற்கும் கம்பெனியின் அனுமதி வேண்டும், வாயு வெளியேற வழியுள்ள பெட்டியும் வேண்டும். விமானத்துக்கு உள்ள கட்டுப்பாடு வேனுக்கு இல்லை.

கூடாரத்துக்குள் வைப்பது இன்னும் மோசம். கரியமிலவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது மேலே எழும்பாமல் தரையில் தேங்கும். கூடாரத்தில் நாம் படுப்பதும் தரையில்தான். ஆகவே பெட்டி கூடாரத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், சரிவாக இருந்தால் கூடாரத்துக்குக் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். நாய், குரங்குத் தொல்லைக்காக உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. மூடி மேல் ஒரு கல்லை வைத்தால் குரங்கு என்ன செய்துவிடும்?

தின்னும் பொருள் என்று நினைத்து ஏமாறுவது வேறு ஆபத்து. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவு விடுதியில், சாப்பிட்ட பின் வாய்க்குப் போட்டுக்கொள்ள உலர்ந்த ஐஸைக் கொடுத்துவிட, ஐந்து பேர் இரத்த வாந்தி எடுத்தனர். அடுத்த மாதமே சத்தீஸ்கரில், கல்யாண வீட்டில் கிடந்ததைச் சாதாரண ஐஸ் என்று நினைத்து வாயில் போட்ட மூன்று வயதுப் பையன் இறந்துபோனான். அதே ஏப்ரலில் தமிழ்நாட்டின் உணவுப் பாதுகாப்புத் துறை, புகை கக்கும் பிஸ்கட்டுகளில் திரவ நைட்ரஜன் உபயோகிப்பதைக் குறித்துக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கை. அதே கண்டிப்பை உலர்ந்த ஐஸ் விஷயத்திலும் காட்ட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தடை செய்யச் சொல்லவில்லை. அதற்கு நியாயமான உபயோகங்கள் பல உண்டு. கிலோக்கணக்கில் சில்லறையாக விற்பவர் ஒவ்வொரு பொட்டலத்துடனும், ‘வாயில் போடாதே, வெறுங்கையால் தொடாதே, மூடிய வண்டியில் வைக்காதே, இறுக மூடாதே’ என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்ட சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். சிறுவர்களுக்கு விற்கக் கூடாது. இதற்குச் சட்டசபையைக் கூட்ட வேண்டியதில்லை. அதிகாரிகளின் ஒரு சுற்றறிக்கை போதும். தாம்பரம் மாநகராட்சியும் தன் எல்லையிலுள்ள கல்யாண மண்டபங்களில் இதை எழுதி ஒட்டச் சொல்லலாம்.

சரி, இரண்டு நாள் பயணத்துக்கு இது அவசியந்தானா? இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. 1833-ல் பாஸ்டன் நகரிலிருந்து ஒரு கப்பல், குளத்திலிருந்து வெட்டிய 180 டன் ஐஸுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதப் பிரயாணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து. வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சமிருந்தது! அதே வியாபாரிக்காக 1842-ல் சென்னைக் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ். அந்த ஐஸைக் காப்பாற்றியது விசேஷ ரசாயனம் ஒன்றுமல்ல. நெருக்கி அடுக்கிய பெரிய பாளமும், சுற்றிலும் திணித்த காப்புப் பொருளுந்தான்.

நம்முடைய பெட்டிக்கும் அதுவே வழி. நொறுக்கிய ஐஸ் சீக்கிரம் உருகும், பாளமாக வாங்குங்கள். முதல் நாள் இரவே பெட்டிக்குள் கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள். தண்ணீர் பாட்டில்களை ஃபிரிஜ்ஜில் உறைய வைத்து இடையிடையே செருகினால், உருகிய பிறகு குடிக்கவும் ஆகும், சாமானும் நனையாது. குடிக்கும் பானங்களுக்கும் சமையல் சாமான்களுக்கும் தனித்தனிப் பெட்டி வையுங்கள். குழந்தைகள் நிமிஷத்துக்கொரு தரம் திறப்பது சர்பத் பெட்டியைத்தான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 2018 ஜூன் முதல், உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கிறது. நீலப் பாளம் பாட்டிலுக்கு வெளியே இருக்கலாம், டம்ளருக்குள் போகக் கூடாது.

உறைந்த மீனோ ஐஸ்கிரீமோ கொண்டுபோயே தீர வேண்டும் என்பவர்கள் உலர்ந்த ஐஸை வாங்கட்டும். காகிதத்தில் சுற்றி, மேலே வைத்து, நடுவில் அட்டை கொடுக்க வேண்டும். குளிர்ச்சி கீழ்நோக்கி இறங்கும். கையில் தடித்த உறை வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்தது போலாகிவிடும். மூடியைத் தளர்வாக வைக்க வேண்டும். சோடா பாட்டிலை அதன் பக்கத்திலேயே வைக்கக் கூடாது, உறைந்து வெடிக்கும். இன்ஸுலின் மருந்தை அந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்ஸுலின் திரும்ப இளகினாலும் உபயோகமற்றது. பெட்டியை வேனின் கூரைமேல் கட்டுவது உத்தமம். உள்ளேதான் வைக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள், ஏ.சி. இல்லாமல் ஒரு நாள் வேர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

திரும்பி வந்ததும் மீந்திருப்பதைச் சமையலறைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். தொட்டியும் குழாயும் விரிசல் விடும். பாட்டிலில் போட்டு மூடுவது வெடிகுண்டு செய்வதற்குச் சமம். மொட்டை மாடியில் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, குழந்தைகள் ஏறாதபடி மாடிக் கதவைத் தாழிட்டு வந்தால், மறுநாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும்.