பத்து வெள்ளியும் ஒரு குறிப்பேடும்

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைக் கடக்கும் மாணவச் செல்வங்கள், அப்பெயருக்குரியவர் நம் மக்களிடம் கேட்ட பத்து வெள்ளியின் கதையை அறிதல் வேண்டும். 1950களின் இறுதியில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பால்மரம் சீவியோர் பலர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு, கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பெற்றது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி சிறுதொகையன்று!

எதற்காகச் சேமிக்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் வீட்டு உண்டியலோ, எதற்கென்று அறியாமலே நிறைகிறது. தீபாவளிக்கு முன் உடைகிறது. ஆகவே ஒரு குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் நோக்கத்தையும், வேண்டிய தொகையையும், முடிக்கும் நாளையும் எழுதுங்கள். வாரந்தோறும் சேர்ந்ததையும், கைதவறிச் செலவானதையும் மறைக்காமல் குறியுங்கள். பிள்ளை ஐஸ்கிரீம் வாங்கிய காசு மட்டும் அதில் ஏறினால் போதாது. பெற்றோரே, தங்கள் சிகரெட்டும், தவணைக்கு வாங்கிய கைப்பேசியும் அதே பக்கத்தில் ஏறட்டும். பிள்ளை படிக்கும், கேள்வியும் கேட்கும். கேட்கட்டுமே!