சுவர் இருந்தால்தான் சித்திரம்

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பழைய மாணவர்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், பழைய செவ்ரோலே கமேரோ ஒன்று வாங்கியிருக்கிறேன். 350 இன்ஜினைப் பிரித்து, பவர் கூட்டிக் கட்டப் போகிறேன். இரும்பு பிளாக் போதுமா, அலுமினியத்துக்குப் போகலாமா?" மூன்று வருடச் சேமிப்பை இதில் போடுகிறார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நம் ஊரில் புல்லட்டும் ஜீப்பும் ரீபோர் செய்யும் தம்பிகளுக்கும் இது உதவும்.

நான் இரும்பின் கட்சி.

அலுமினியம் எடை குறைவு என்பது உண்மைதான். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு 7.2 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஒரு வி8 பிளாக்கில் ஏறத்தாழ 40 கிலோ மிச்சமாகும். பந்தயத் தடத்தில் வளைவுக்கு வளைவு நொடியை எண்ணுபவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் சாலையில் ஓட்டப் போகிறவர் பிளாக்கிடம் கேட்பது இரண்டே: சிலிண்டர் வட்டமாகவே நிற்க வேண்டும், கிராங்க் ஷாப்ட் நேராகச் சுழல வேண்டும். இரும்பு அலுமினியத்தைவிட விறைப்பானது. சூட்டில் விரிவதும் அதில் பாதிதான். அலுமினிய பிளாக்குகளிலும் பெரும்பாலும் பிஸ்டன் உரசுவது உள்ளே பதித்த இரும்பு லைனரில்தானே!

இரும்பு பழங்காலச் சரக்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்ற பிராபம் காரில் இருந்தது 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ டர்போ இன்ஜின். சாதாரணச் சாலைக் கார்களில் ஓடிய எம்10 இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக்தான் அதற்கு அடிப்படை.

சரி, இரும்பு என்று முடிவாகிவிட்டது. எந்த இரும்பு? பலர் ஏமாறுவது இங்கேதான்.

350-ல் "ஃபோர் போல்ட் மெயின்" என்றால் விலை ஏறும். கிராங்கைத் தாங்கும் ஐந்து பேரிங் கேப்களில் நடு மூன்றுக்கும் நான்கு நான்கு போல்ட்கள் இருக்கும் என்பதே அதன் பொருள். விற்பவர் பிளாக்கின் பின்பக்க வார்ப்பு எண்ணைக் காட்டி, "3970010, பாருங்கள்" என்பார். அந்த எண்ணில் இரண்டு போல்ட் பிளாக்குகளும் வந்திருக்கின்றன. சம்ப்பைக் கழற்றிக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அப்படியே நான்கு போல்ட் இருந்தாலும், அது அடிப்பகுதியின் பலம் மட்டுமே. சிலிண்டர் சுவர் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணல் கோர் சற்று நகர்ந்தாலும், சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். வெளியிலிருந்து தெரியாது. மெலிந்த பக்கம் பிஸ்டன் அழுத்தும் பக்கமாக அமைந்துவிட்டால், பவர் கூட்டியதும் சுவர் நெளியும், ரிங் பிடிக்காது, கடைசியில் விரிசல் விட்டுக் கூலன்ட் உள்ளே இறங்கும். அன்றைக்கு வீணாவது பிளாக் மட்டுமல்ல, அதற்குள் போட்ட அத்தனை புதுச் சாமானும்.

ஆகவே முதல் செலவு சோதனைக்கு. பிளாக்கை நன்றாகக் கழுவிக் காந்தமாக்கி இரும்புத்தூள் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடாகச் சேரும். இந்த வசதி இரும்புக்குத்தான் உண்டு, அலுமினியத்துக்குக் கிடையாது. அடுத்து, அல்ட்ராசானிக் கருவியால் ஒவ்வொரு சிலிண்டர் சுவரையும் பல இடங்களில் அளக்க வேண்டும். இரண்டிலும் தேறிய பிறகே பிஸ்டனுக்கு ஆர்டர்.

போர் பெரிதாக்குவதில் உள்ள ஆசையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 350-ன் போர் 4 அங்குலம். "30 ஓவர்சைஸ்", அதாவது 0.030 அங்குலம் கடைந்தால், கொள்ளளவு 355 கன அங்குலம் ஆகும். கூடியது ஒன்றரை சதவீதம். 60 கடைந்தாலும் மூன்று சதவீதம்தான். இந்தச் சில்லறைக்காகத் திரும்ப ஒட்ட முடியாத சுவரைச் சுரண்டலாமா? தேய்மானம் போகும் அளவுக்கு மட்டும் கடையுங்கள். பவர் வேண்டுமானால் ஹெட்டிலும் கேம் ஷாப்ட்டிலும் தேடுங்கள்; இன்ஜின் மூச்சு விடுவது அங்கேதான்.

இன்னொன்று. ஹெட் போல்ட்களை இறுக்கும்போது சிலிண்டர் மெல்லக் கோணும். அதனால் ஹெட்டுக்குப் பதிலாகக் கனத்த தகடு ஒன்றை முழு இறுக்கத்தில் மாட்டிய பிறகே ஹோனிங் செய்யச் சொல்லுங்கள். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்கிற பட்டறையைவிட்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். சோதனையில் தேறாத பிளாக்கை, எத்தனை பெருமையான எண் பொறித்திருந்தாலும் சரி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வேறொன்று தேடுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம். அளவுகளோடு வந்தால் இன்னும் மகிழ்ச்சி.