முதிராமை ஒரு குற்றமா?

மதுவின் சுவையைப் பற்றி எழுதுவோர் நம் மொழியில் அரிது. குடியின் கேட்டைப் பற்றி எழுதுவோர் நிரம்ப உண்டு. பின்னவர்களோடு எனக்குப் பிணக்கு ஏதுமில்லை, அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மையும் கூட. தமிழாசிரியன் ஒருவன் முன்னதைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள், நறவும் தேறலும் வரும் சங்கப் பாடல்களை வகுப்பில் நான் எவ்வாறு கடந்து செல்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நிற்க. இங்கே என் வழக்கு, பீப்பாய் வலிமையில் புட்டியில் அடைக்கப்பட்ட இளம் ரை விஸ்கிக்குத் தீர்ப்பெழுதும் சுவைஞர்களோடு.

அவர்களது தீர்ப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. "இளமை தெரிகிறது, எரிகிறது, மரம் போதவில்லை, இன்னும் நான்காண்டு விட்டிருக்கலாம்." இதன்பின் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். விடைத்தாள் திருத்தியே வயதாகிவிட்ட எனக்கு அந்த எண்ணின் மீது சிறிதும் மரியாதை இல்லை. எழுபத்தெட்டுக்கும் எழுபத்தொன்பதுக்கும் இடையே நாக்கு எதைக் கண்டது என்று கேட்டால் விடை கிடைக்காது.

ரை என்பது குளிர்நிலத் தானியம். நம் கம்போடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி, ரை விஸ்கியின் தானியக் கலவையில் 51 சதவீதமாவது ரை இருக்க வேண்டும். வடித்த மதுவை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலங்களில் 62.5 சதவீத ஆல்கஹாலுக்கு மிகாமல் இட்டு வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் நீர் சேர்த்து 40, 45 என்று இறக்காமல் ஏறத்தாழ இருந்தபடியே அடைத்தால் அது பீப்பாய் வலிமை. நான்காண்டு நிறையாத விஸ்கி தன் வயதைச் சீட்டில் சொல்லியாக வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆக, இளமையை அது மறைக்கவில்லை. மறைக்காததையே குற்றமாகக் கண்டுபிடிப்பது என்ன விமர்சனம்?

வயதை வைத்து அளக்கும் வழக்கம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அங்கே தட்பவெப்பம் குளிர்ந்தது. பீப்பாய்களும் பெரும்பாலும் முன்பு வேறு மதுவைத் தாங்கிப் பழகியவை. மரம் மெல்லவே பேசும். பன்னிரண்டாண்டு காத்திருப்பதில் பொருளுண்டு. புதிதாகக் கருக்கிய ஓக்கோ முதல் கோடையிலேயே உரக்கப் பேசத் தொடங்கிவிடுகிறது. கென்டக்கியின் சூடேறிய கிடங்கில் அதிக ஆண்டுகள் கிடந்த ரை, தானியத்தை இழந்து, துவர்ப்பும் கசப்புமாய் மரச்சாறாகிவிடக்கூடும். அதை "முதிர்ச்சி" என்று கொண்டாடுகிறவர் சுவைப்பது பீப்பாயை.

இதற்கு நல்ல சான்று ஓல்ட் பொட்ரேரோ. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் மதுச்சாலையை 1965இல் வாங்கிய ஃபிரிட்ஸ் மேட்டாக், 1990களில் அங்கே ஒரு சிறு வடிசாலையும் தொடங்கினார். முளைகட்டிய ரை நூறு விழுக்காடு. பழைய பாணிச் செம்புக் கலம். கருக்காமல் வாட்டி மட்டும் எடுத்த பீப்பாய். தொடக்கக் காலத்தில் ஏறத்தாழ ஓராண்டே வாசம். வலிமையோ அப்போது 60 சதவீதத்துக்கு மேல். ரையின் முகம் எது, மரத்தின் முகமூடி எது என்று அதில் தெளிவாகப் பிரித்தறியலாம். சதகுப்பையை நினைவூட்டும் பச்சை மணம், புதினா, மிளகின் உறைப்பு, ஈர வைக்கோல். (ரை ரொட்டியில் பலர் ரையின் சுவை என்று நம்புவது உண்மையில் அதில் தூவிய சீமைச்சோம்பின் சுவை. அதே நினைப்போடு விஸ்கியை நெருங்குவோர் ஏமாறுவார்கள்.)

அடுத்தது எரிச்சல். 62 சதவீத ஆல்கஹாலை நேரே நாவில் விட்டுக்கொண்டு "எரிகிறது" என்பது, கொதிக்கும் ரசத்தை வாயில் ஊற்றிக்கொண்டு புளிப்புக் குறைவு என்பதற்கு ஒப்பானது. நீர் சேர்ப்பதைக் கோழைத்தனம் என்று கருதும் ஒரு ஆண்திமிர் இந்தச் சபைகளில் உலவுகிறது. 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் கார்ல்சனும் ஃபிரீட்மனும் கணினி உருவகத்தின் மூலம் ஒன்றைக் காட்டினர். புகைமணம் தரும் குவையகோல் என்ற மூலக்கூறு 45 சதவீதம் வரையிலான கலவையில் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு மூலக்கூறை வைத்து எல்லா மணத்துக்கும் விதி எழுத முடியாது. ஆனால் நீர் ஊற்றிய குவளையை முகர்ந்தவர்க்கு இது புதுச்செய்தியும் அன்று.

30 மி.லி.யை 62இலிருந்து 45க்குக் கொணர ஏறத்தாழ 11 மி.லி. நீர் போதும். அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் முகர்ந்து, என்ன மாறியது என்று எழுதுங்கள். பீப்பாய் வலிமையின் பயனே இதுதான்: நீரின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை அடைப்பவரிடமிருந்து குடிப்பவருக்கு வந்து சேர்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமலே தீர்ப்பெழுதுகிறார்கள்.

இளமைக்கு உரிய குறைகள் இல்லாமல் இல்லை. பச்சை ஆப்பிள் போன்ற கூர்நெடி, அவித்த தானியத்தின் கனம், பிசின்வாடை ஆகியவை மிகுந்தால் வடித்தவரைக் கடியுங்கள். சிறிய பீப்பாயில் அடைத்து விரைவில் நிறமேற்றும் தந்திரத்தையும் கடியுங்கள். நிறம் வரும், பக்குவம் வராது. ஆனால் இக்குறைகளைப் பெயர் சொல்லிக் கடியுங்கள். எத்தனை விழுக்காடு ரை, எவ்வகைப் பீப்பாய், எவ்வளவு நீர் என்று மூன்று செய்திகூட இல்லாத குறிப்பை இனி நான் படிப்பதாயில்லை.