1870இல் ஒழியாதது 2008இல் ஒழிந்ததா?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த மைத்துனருக்கு. பேச்சு அமெரிக்கா பக்கம் திரும்பியது. “நிறவெறியா? அதெல்லாம் ஒபாமா வந்ததோட முடிஞ்சுபோச்சு அத்தான்” என்றார். எதிர்வரிசையில் நாலு தலைகள் ஆமோதித்து ஆடின. எனக்குச் சோறு இறங்கவில்லை.

2008 நவம்பர் 5, ஒபாமா ஜெயித்த செய்தி வந்தபோது நமக்குக் காலை நேரம். சிகாகோ கிராண்ட் பார்க்கில் ஜெஸ்ஸி ஜாக்சன் கண்ணீர் வழிய நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் அழுதேன். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மெம்பிஸ் விடுதியில் அன்று உடனிருந்தவர் அவர். அந்த அழுகையைக் கடன் தீர்ந்ததற்கான ரசீதாக நீட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒருவர் ஜெயித்ததும் இனவெறி ஒழிந்துவிடும் என்றால் 1870லேயே ஒழிந்திருக்க வேண்டும். மிசிசிப்பி மாநிலம் அந்த ஆண்டு ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினப் போதகரை அமெரிக்க செனட்டுக்கு அனுப்பியது. அடிமைமுறை ஒழிந்து ஐந்தே ஆண்டு ஆகியிருந்தது. அவரை உட்காரவிடாமல் தடுக்க என்ன சொன்னார்கள் தெரியுமா? செனட்டர் ஒன்பது ஆண்டாவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும், கறுப்பர்களுக்குக் குடியுரிமை வந்ததே நேற்றுத்தான் என்றார்கள். வட கரோலினாவில் அடிமையாக அல்லாமல் சுதந்திரமாகவே பிறந்த மனிதரிடம்! ஒபாமாவை 2011இல் பிறப்புச் சான்றிதழைக் காட்டவைத்தார்களே, அந்தக் கேள்விக்குப் பாட்டன் இதுதான்.

ரெவல்ஸ் உட்கார்ந்தார். பிறகு? அதே மிசிசிப்பி 1890இல் புது அரசியல் சட்டம் எழுதியது. ஓட்டுப்போட வரி கட்டு, சட்டத்தைப் படித்துக் காட்டு என்று கறுப்பர்களின் வாக்கைப் பறித்தது. 1964 வாக்கில்கூட அங்கே ஓட்டுரிமை வயதை எட்டிய கறுப்பர்களில் 100க்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ரெவல்ஸுக்குப் பின்னால் வந்த பிளான்ச் புரூஸ் 1881இல் பதவி முடிந்து போனார். செனட்டில் அடுத்த கறுப்பு முகத்தைப் பார்க்க 1967 ஆகிவிட்டது. மிசிசிப்பியிலிருந்து இன்றுவரை வேறு யாருமே இல்லை.

ஒபாமா வெள்ளை மாளிகையில் இருக்கும்போதே, 2013இல், உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. 5க்கு 4 தீர்ப்பு. காரணம், நாடு மாறிவிட்டதாம். மைத்துனர் பந்தியில் சொன்னதை நீதிபதிகள் தீர்ப்பில் எழுதினார்கள். வாக்குரிமைச் சட்டத்தால் தடுத்து வைக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாளச் சட்டத்தை அமல்படுத்தப்போவதாக டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் அமெரிக்காவில் குடியேற வழிவிட்டது 1965இன் குடியேற்றச் சட்டம். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை ஒதுக்கிய பழைய ஒதுக்கீட்டை அது ஒழித்தது. தெற்கே நாய்களை ஏவிவிட்டும் தண்ணீர் பீய்ச்சி அடித்தும் விரட்டப்பட்ட கறுப்பர்களின் போராட்டம்தான் அந்தக் காலத்தின் மனசாட்சியை அசைத்தது. அந்த வாசல் வழியாகப் போனவர்கள், கறுப்பர் பிள்ளைகளோடு சேராதே என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது வெட்கமாக இருக்கிறது.

பாயசம் வந்தபோது மைத்துனரிடம் கேட்டேன்: “எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னா, ஸ்கூல்ல கறுப்புப் பிள்ளைங்க ஜாஸ்தின்னு போன வருஷம் ஏன் மாப்பிள்ளை வீடு மாத்தினீங்க?”

அவர் பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்தார்.