பக்குவப்பட்ட குதிரைக்கே நெடுந்தூரம்



சென்ற மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லுஹர் தொழுதுவிட்டு அமர்ந்திருந்த என் மூத்த சகோதரிக்கு, அவருடைய மகனின் கைப்பேசியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவரோ கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இளநீர் விற்கும் ஒரு பெரியவர். "அம்மா, உங்க பையன் மயங்கி விழுந்துட்டாரு. நிழல்ல படுக்க வெச்சிருக்கோம், பயப்படாதீங்க" என்றார். நண்பரின் திருமணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அதிகாலையில் புறப்பட்ட மகன், உண்மையில் இரு நண்பர்களுடன் ஒரே நாளில் 200 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டக் கிளம்பியிருந்தான். அதற்கு முன் அவன் ஒரே மூச்சில் ஓட்டிய அதிகபட்சத் தூரம் 35 கிலோமீட்டர். 120 கிலோமீட்டரை நெருங்கும்போது உடல் கைவிட்டுவிட்டது.

அல்லாஹ் காப்பாற்றினான். இரண்டு நாள் படுக்கை, ஒரு வார முழங்கால் வலி என்பதோடு போயிற்று. ஆனால் அன்று மாலையே வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: சைக்கிளை விற்றுவிட வேண்டும். என் சகோதரி என்னிடம், "தம்பி, நீ ஓதிப் படிச்சவன். இதெல்லாம் வீண் விளையாட்டுன்னு நீயே அவனுக்கு எடுத்துச் சொல்லு" என்றார்.

சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் ஆண்டுதோறும் மதரஸாவில் நான் நடத்தும் ஒரு நபிமொழி நினைவுக்கு வந்து என் நாவைத் தடுத்தது.

இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது, புகாரியில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியளித்துப் பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு அல்-ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை எல்லை வகுத்தார்கள். அது 5 அல்லது 6 மைல். பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே. அது சுமார் 1 மைல். குதிரையை எவ்வாறு பக்குவப்படுத்துவார்கள் என்பதையும் விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். முதலில் நன்றாகத் தீவனம் கொடுப்பார்கள். பின்னர் அளவைக் குறைத்து, போர்வை போர்த்தி, வியர்க்கச் செய்து, அதன் சதையை இறுக்குவார்கள். இது நாட்கணக்கில் நடக்கும் வேலை.

பந்தயம் ஆகுமானது என்பதற்கு ஆதாரமாகவே இந்த ஹதீஸை இதுநாள்வரை நடத்தி வந்தேன். அதற்குள் இருந்த மற்றொரு பாடத்தை என் மருமகனின் மயக்கம்தான் எனக்குக் காட்டியது. ஓடும் ஆசையை நபியவர்கள் தடுக்கவில்லை. தூரத்தைத் தயாரிப்பின் அளவுக்குப் பங்கிட்டார்கள். வாயில்லாப் பிராணிக்கே இந்த நீதி என்றால், நாம் நம் உடலுக்கு இழைப்பது என்ன?

ஆகவே என் சகோதரிக்கும், அவரைப் போன்ற பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்தப் பிள்ளையின் தவறு மிதிவண்டி ஓட்டியது அன்று. உரியவர்களுக்கு உரிய ஹக்கைக் கொடுக்காமல் ஓட்டியதே தவறு. உம் இறைவனுக்கும், உமக்கும், உம் குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமைகள் உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடுத்துவிடும் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத் தர்தா (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறியதும், அதை நபியவர்கள் உண்மைப்படுத்தியதும் நாம் அறிந்ததே. முதன்முறையாக நெடுந்தூரம் போக விரும்பும் எவருக்கும் தயாரிப்பு என்பது இந்த ஹக்குகளை முன்கூட்டியே கொடுத்து முடிப்பதுதான்.

உடலின் ஹக்கு

இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடமே, உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டு என நபியவர்கள் உணர்த்தினார்கள். இபாதத்திலேயே வரம்பு உண்டென்றால், மிதிவண்டியில் வரம்பு இல்லாமல் போகுமா?

நெடுந்தூர ஓட்டத்துக்கென்று உலகெங்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் 1921 முதல் நடத்திவரும் 'பிரெவே' என்னும் முறை அது. இன்று நம் நாட்டின் பல நகரங்களிலும் நடைபெறுகிறது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடமும், 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரமும், 400 கிலோமீட்டருக்கு 27 மணி நேரமும், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் அவகாசம். புதியவர் 200 கிலோமீட்டரிலிருந்து தொடங்குவதே வழக்கம். இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் முடித்த அனைவருக்கும் ஒரே அங்கீகாரம்தான். பெருமைக்கு இடமில்லாத இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் மாதம் என் மருமகன் மீண்டும் தொடங்கினான். வார நாட்களில் இரண்டு முறை, சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம். ஞாயிறுதோறும் ஒரு நீண்ட ஓட்டம்: முதலில் 40 கிலோமீட்டர், பின்னர் 50, 60 எனப் படிப்படியாக உயர்ந்து, பதினான்காம் வாரத்தில் 140. மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைத்துக்கொள்வான். மழை நாட்களில் வீட்டிலேயே இருந்தான். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிமொழி. அதன் உண்மையை உடலும் சாட்சி சொல்லும். ஒரே நாள் ஆவேசத்தால் முழங்கால் பழுதாகும். பதினாறு வாரப் பொறுமையால் அதே முழங்கால் உறுதிப்படும்.

முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் இருக்கையின் உயரம் என்பதையும் அவன் அறிந்துகொண்டான். மிதி மிகக் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும்; அதிகம் மடங்கினால் மூட்டின்மீது சுமை விழும். உணவிலும் முன்பு தவறியிருந்தான். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு வாழைப்பழங்கள் அந்த அளவுக்குள் வந்துவிடும். பசித்த பின் உண்பது தாமதமானது. தண்ணீரும் அப்படியே: மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், அதுவும் உப்புக் கலந்து. வியர்வையில் உப்பை இழந்துகொண்டே வெறும் தண்ணீரை அளவுமீறிக் குடித்தாலும் ஆபத்து உண்டு. மே மாத வெயிலில் அவன் குடித்ததோ மூன்று மணி நேரத்துக்கு ஒரு புட்டி.

தொழுகையின் ஹக்கு

அன்று அவன் லுஹரையும் அஸரையும் தவறவிட்டிருந்தான். மயக்கத்தால் அன்று, மயங்கும் முன்னரே, வீட்டுக்குப் போய்க் களாச் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்திருந்தானாம். எனக்கு மயக்கத்தைவிட அதுதான் வலித்தது. "நேரம் பத்தாதுன்னு நெனச்சேன் மாமா" என்றான். வாருங்கள், கணக்குப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

காலை 6 மணிக்குத் தொடங்கினால் முடிக்க வேண்டிய நேரம் மாலை 7:30. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஓட்டத்துக்கு 10 மணி நேரம் போதும். எஞ்சுவது மூன்றரை மணி நேரம். ஒளூவோடு சேர்த்து ஒவ்வொரு தொழுகைக்கும் 20 நிமிடம் வைத்தாலும், லுஹர், அஸர், மக்ரிப் மூன்றுக்கும் ஒரு மணி நேரம். அதற்குப் பின்னும் இரண்டரை மணி நேரம் மிச்சம். நேரம் இருந்தது, திட்டம்தான் இல்லை.

மார்க்கம் இதில் சலுகையும் தந்திருக்கிறது. செல்லும் இடம் ஒருவழித் தூரமாகச் சுமார் 80 கிலோமீட்டரைத் தாண்டினால், ஊரெல்லையைக் கடந்தபின் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும் அவற்றின் நிபந்தனைகளுடன் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் சேர்த்துத் தொழுதல் இல்லை. அதைப் பின்பற்றுவோர் ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் சுருக்கித் தொழ வேண்டும். வழித்தடத்தைப் பொறுத்துச் சட்டம் மாறக்கூடுமாதலால், வரைபடத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வழியில் உள்ள பள்ளிவாசல்களை அவன் முன்னதாகவே குறித்துக்கொண்டான். தொடையை இறுக்கிக் காட்டும் கால்சட்டைக்கு மேல், முழங்காலுக்குக் கீழ்வரை மறைக்கும் தளர்வான கால்சட்டை ஒன்றை அணிந்து பழகினான். ஓடும்போது எந்த உடையோ அதே உடையில் தொழ முடிந்தால்தான் தொழுகை பாரமாகத் தோன்றாது.

பெற்றோரின் ஹக்கு

ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடுமாறு திருப்பி அனுப்பினார்கள் நபி (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, தாயிடம் பொய் சொல்லிவிட்டு ஒரு மிதிவண்டிப் பயணமா? உம்மாவின் கண்ணீரை மிதித்துக்கொண்டு கடக்கும் 200 கிலோமீட்டரில் என்ன பரக்கத் இருக்கும்? இதை நான் அவனிடம் கடுமையாகவே சொன்னேன். அவன் தலை குனிந்தான். அன்றிரவே தாயிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஆனால் பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. கேட்டால் மறுப்புதான் வரும் என்று தெரிந்த பிள்ளை, கேட்பதை நிறுத்திவிடுகிறான். பொய் நியாயமாகிவிடாது, அதற்கான வாசலை நாமும் திறந்து வைக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் மூழ்கிக்கிடக்கும் பிள்ளையை நாம் அதட்டுவதோடு சரி. சுபுஹுக்கு எழுந்து, தொழுது, வியர்க்க வியர்க்க ஓட்டிவிட்டு வரும் பிள்ளையை ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம்? சாலையில் லாரி போகிறது என்பீர்கள். உண்மைதான். அந்த அச்சத்தைத் தடையாக்காமல் கேள்விகளாக்குங்கள். எத்தனை வாரம் பயிற்சி செய்தாய்? முன்விளக்கு, பின்விளக்கு, தலைக்கவசம், இருளில் ஒளிரும் மேற்சட்டை இருக்கின்றனவா? டியூப் பஞ்சரானால் நீயே மாற்றுவாயா? எங்கே, எப்போது தொழுவாய்? யாருடன் போகிறாய்? இவற்றுக்குப் பதில் இல்லாதவன் போகக்கூடாது. பதில் உள்ளவனை துஆவோடு அனுப்பிவையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கட்டாமல் விடுவதும் தவக்குல் ஆகாது. ஒட்டகத்தையே விற்றுவிடுவதும் தவக்குல் ஆகாது.

செலவிலும் எச்சரிக்கை தேவை. வட்டியோடு கூடிய தவணையில் விலையுயர்ந்த மிதிவண்டி வாங்கி, ஆரோக்கியத்தைத் தேடப் போவதாகச் சொல்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். என் மருமகன் தன் பழைய கியர் சைக்கிளையே பழுது பார்த்து, புதிய டயர்கள் மட்டும் மாற்றிக்கொண்டான்.

வரும் ஞாயிறு அவனது முதல் பிரெவே. கடப்பாக்கம்வரை போய்த் திரும்பும் பாதை. போகும்போது முதுகைத் தள்ளும் வாடைக்காற்று திரும்பும்போது நெஞ்சில் மோதும் என்பதால், முதல் பாதியில் வேகத்தை அடக்க வேண்டும் என்று அவனே எனக்கு விளக்கினான். முடிப்பானா என்று எனக்குத் தெரியாது. முடிக்காவிட்டாலும் நான் வருந்தமாட்டேன். உடல் மறுத்தால் இறங்கிவிடுவதாகத் தாயிடம் வாக்களித்திருக்கிறான். அந்த வாக்கைக் காப்பாற்றுவது 200 கிலோமீட்டரைவிடப் பெரியது.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சைக்கிளை விற்கச் சொன்ன அதே சகோதரி, பேரீச்சம்பழத்தில் கொட்டை நீக்கிச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு நிறுத்தத்துலயும் போன் பண்ணணும், தொழுதாச்சான்னும் சொல்லணும். அதுதான் என் நிபந்தனை" என்றார். பயணம் வேதனையின் ஒரு பகுதி, தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்ற கருத்திலமைந்த நபிமொழியை அவருக்கு நினைவூட்டினேன். "அதையும் அவன்கிட்ட சொல்லி அனுப்பு" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையையும், உள்ளத்துக்கு நிதானத்தையும், நாவுக்கு உண்மையையும் தந்தருள்வானாக! புறப்பட்டவர் அனைவரையும் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.